வால்டர் மிட்டி எதற்காக ஐஸ்லாந்து போனான்?

வால்டர் மிட்டி ஐஸ்லாந்துக்குப் போயிருக்கவே வேண்டாம். கிரீன்லாந்துக்கும் வேண்டாம், இமயமலைக்கும் வேண்டாம். அவன் தேடி அலைந்த நெகட்டிவ் ஆரம்பத்திலிருந்தே அவனிடம்தான் இருந்தது. புகைப்படக்காரர் ஷான் ஓ'கானல் பரிசாக அனுப்பிய பர்ஸுக்குள் அதைச் செருகி வைத்திருந்தார். அந்த ஷான் வீட்டுக்கே வந்து, உட்கார்ந்து பேசி, கேக் சாப்பிட்டுவிட்டுப் போனதை அம்மா மகனிடம் சொல்லியும் இருக்கிறாள். அவள் சொன்ன நேரத்தில் மகன் ஏதோ ஒரு பகற்கனவில் இருந்தான். காதில் விழவில்லை.

பென் ஸ்டில்லர் இயக்கி நடித்து 2013 டிசம்பர் 25 அன்று வெளியான 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் வால்டர் மிட்டி'யின் கதைமுடிச்சு இதுதான். ஆனால் பார்த்தவர்கள் மனதில் படம் தங்கியிருப்பது வேறு விதமாக. மேசையை விட்டு எழுந்திரு, பையைத் தூக்கு, கிளம்பு என்று முதுகில் தட்டும் படம் என்று பெயர் வாங்கிவிட்டது. ஸ்கேட்போர்டில் மலைச்சாலை இறங்கும் அந்தச் சில நிமிடங்களை மட்டும் வெட்டி எடுத்து ஊர்சுற்றிகள் ஆளுக்கொரு ரீல்ஸ் போட்டுவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து நிதானமாக மறுபடி பார்த்தால் திரைக்கதை இந்தப் பெயருக்கு ஒத்துழைக்கவில்லை என்பது தெரிகிறது. அவன் உலகத்தைச் சுற்றியும் பொருள் கிடைக்கவில்லை. அம்மா சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும். அப்படியானால் இந்தப் படம் உண்மையில் எதைப் பற்றியது? பகற்கனவு காண்கிறவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு இதற்கு முன் வந்தவர்கள் என்ன சொன்னார்கள், ஸ்டில்லர் எதைச் சேர்த்தார், எங்கே மழுப்பினார் என்று பார்த்தால் விடை ஓரளவு பிடிபடும்.

மூலக்கதை ஜேம்ஸ் தர்பருடையது. 1939 மார்ச் 18 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் வந்தது. நாலைந்து பக்கம் தேறினால் அதிகம். கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி ஊருக்கு மனைவியைக் காரில் அழைத்துப் போகிறார் ஒரு நடுவயது மனிதர். அவள் முடி அலங்காரத்துக்குப் போகிறாள். இவர் மழைச் செருப்பும் நாய் பிஸ்கட்டும் வாங்க வேண்டும். இதற்கு நடுவே ஐந்து முறை மனம் நழுவுகிறது. கடற்படைத் தளபதி ஆகிறார், பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆகிறார், கூண்டில் நிற்கும் குறிபார்த்துச் சுடும் வீரர் ஆகிறார், குண்டுவீச்சு விமானி ஆகிறார், கடைசியில் துப்பாக்கிகளுக்கு முன் அலட்சியமாக நிற்கிற கைதி ஆகிறார். எல்லாக் கனவுகளும் மலிவான சாகசப் பத்திரிகைகளிலும் சினிமாவிலும் பொறுக்கியவை. அவற்றில் சிலவற்றில் ஒரே மாதிரி இயந்திரச் சத்தம் பின்னணியில் ஓடுகிறது. தர்பர் அவரைக் குணப்படுத்துவதில்லை, கேலி செய்து முடிப்பதும் இல்லை. மிட்டி ஒன்றும் கற்றுக்கொள்ளாமலே கதை நின்றுவிடுகிறது. அதில்தான் அதன் கூர்மை.

தர்பர் சிறுவயதில் அண்ணனோடு வில் அம்பு விளையாடி ஒரு கண்ணை இழந்தவர். மற்றதும் மெல்ல மெல்லப் போய், பின்னாளில் ஏறக்குறைய பார்வையற்றவராகவே வாழ்ந்தார். இல்லாத காட்சிகள் தன் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி வேடிக்கையாக எழுதியும் இருக்கிறார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1998இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் எழுதிய 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்' நூலில் ஓர் அத்தியாயத்துக்கே 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் ஜேம்ஸ் தர்பர்' என்று பெயர் வைத்தார். பார்வை குறைந்தவர்களுக்குத் தெளிவான உருவங்கள் தோன்றும் ஷார்ல் பொனே நோய்க்குறி தர்பருக்கு இருந்திருக்கலாம் என்பது அவர் யூகம். கண்ணிலிருந்து தகவல் வராதபோது மூளை அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. மிட்டி கதைக்கு இது நேரடி விளக்கம் ஆகாது. மிட்டிக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனாலும் வெளியிலிருந்து ஒன்றும் கிடைக்காத இடத்தைப் படங்களால் நிரப்புகிற மனதைத் தர்பர் உள்ளிருந்தே அறிந்தவர் என்று நினைக்க இடம் தருகிறது.

ஹாலிவுட்டுக்குத் தர்பர் கதையின் முடிவின்மை பிடிக்கவில்லை. 1947இல் சாமுவேல் கோல்ட்வின் தயாரிப்பில், நார்மன் இசட். மெக்லாய்ட் இயக்கத்தில், டேனி கே நடித்து முதல் படம் வந்தது. மனைவி போய் அம்மாவும் நிச்சயித்த பெண்ணும் வந்தார்கள். மிட்டிக்கு மலிவுப் பத்திரிகை நிறுவனத்தில் பிழைதிருத்தும் வேலை. போரில் ஒளித்துவைத்த டச்சுக் கலைச்செல்வம், கறுப்பு நோட்டுப் புத்தகம், போரிஸ் கார்லாஃப் என்று நிஜமான சாகசம் அவனைத் தேடி வருகிறது. கனவுகளெல்லாம் டேனி கே பாடி ஆடிக் காட்ட மேடை ஆயின. தர்பருக்கு ஆத்திரம். படம் எடுக்காமல் விட்டால் 10,000 டாலர் தருகிறேன் என்று கோல்ட்வினிடம் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அது எப்படியோ, தன் அதிருப்தியை ஒரு பத்திரிகைக்குக் கடிதமாக எழுதியது நிஜம். அந்தப் பத்திரிகை 'லைஃப்'. 2013இல் ஸ்டில்லரின் மிட்டிக்கு வேலை கிடைத்ததும் அதே 'லைஃப்' அலுவலகத்தில்தான். திரைக்கதை ஆசிரியர் தெரிந்து செய்தாரா, தற்செயலா, எப்படியிருந்தாலும் நல்ல குறும்பு.

கனவு காண்கிறவனுக்கு நிஜ சாகசத்தைக் கொடுத்துவிடு என்ற 1947இன் விடைக்கு நேர் எதிராக இரண்டு படங்கள் உண்டு. ஜான் ஷ்லெசிங்கரின் 'பில்லி லையர்' (1963) ஒன்று. சவ அடக்க நிறுவனத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் பில்லிக்கு ஆம்ப்ரோசியா என்ற கற்பனை நாடு இருக்கிறது. அங்கே அவன்தான் தலைவன். ஜூலி கிறிஸ்டி நடித்த லிஸ் அவனை லண்டன் ரயிலில் ஏற்றப் பார்க்கிறாள். புறப்படும் நேரத்தில் பால் வாங்கி வருகிறேன் என்று இறங்குகிறான், ரயில் போய்விடுகிறது. போக வழி இருந்தும் போகாதவன் அவன். மற்றொன்று டெரி கில்லியமின் 'பிரேசில்' (1985). அதில் அரசு அலுவலகத்தின் கோப்புகளுக்கு நடுவே சிறகு முளைத்துப் பறப்பதாகக் கனவு காணும் சாம் லவ்ரி, சித்திரவதை நாற்காலியில் கட்டப்பட்ட பிறகும் கனவுக்குள் தப்பித்துவிடுகிறான். அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் அந்த முடிவைச் சுபமாக்கச் சொன்னதும், கில்லியம் பகிரங்கமாகச் சண்டைக்கு நின்றதும் தனிக் கதை. கனவு காண்கிறவன் திருந்தி, காதலியோடு வீடு திரும்ப வேண்டும் என்ற வற்புறுத்தல் எப்போதும் ஸ்டுடியோவிலிருந்துதான் வந்திருக்கிறது.

உளவியல்காரர்களும் ஒரே குரலில் பேசவில்லை. 1908இல் வெளியான ஒரு கட்டுரையில் ஃபிராய்ட், நிறைவாக இருக்கிறவன் கற்பனையில் மூழ்குவதில்லை என்ற பக்கம் நின்றார். 1966இல் 'டேட்ரீமிங்' நூலை எழுதிய ஜெரோம் சிங்கர் இதை மறுத்தார். திட்டமிடவும் சிக்கலை உருட்டிப் பார்க்கவும் உதவுகிற ஆரோக்கியமான பகற்கனவு உண்டு, குற்றவுணர்ச்சியிலும் பயத்திலும் ஊறியது வேறு வகை, எதிலும் நிலைகொள்ளாத சிதறிய மனம் இன்னொரு வகை என்று பிரித்தார். 2002இல் இஸ்ரேலைச் சேர்ந்த எலி சோமர், நாளின் பெரும்பகுதியைத் தின்று தீர்த்து வாழ்க்கையையே முடக்கும் கனவுப் பழக்கம் சிலருக்கு உண்டு என்று தனியே அடையாளம் காட்டினார். 2010இல் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் கைபேசி வழியே அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், 46.9 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலையும் வேளையில் மகிழ்ச்சியும் குறைவு. இனிமையானதை நினைத்து அலைந்தால்கூட, செய்கிற வேலையில் மனம் ஒன்றியிருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை.

மிட்டி படத்துக்கு மிக நெருக்கமாக வருகிறவர் உளவியலாளர் காப்ரியேலே எட்டிங்கன். எல்லாம் ஜெயித்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்கிறவர்கள் அந்த இலக்குக்காகப் பிறகு குறைவாகவே முயல்கிறார்கள் என்பது அவர் கண்டது. கனவையும் அதை மறிக்கும் தடையையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்களே எழுந்து நடக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு கிரீன்லாந்துக் காட்சியைப் பாருங்கள்.

நூக் நகரத்து மதுக்கடை. ஹெலிகாப்டர் ஓட்ட வேண்டிய பைலட் முட்ட முட்டக் குடித்திருக்கிறான், பெரிய கண்ணாடிக் குவளையோடு தள்ளாடுகிறான். வெளியே காற்று. இவனோடு ஏற முடியாது என்று மிட்டி உட்கார்ந்துவிடுகிறான். ஹெலிகாப்டர் கிளம்பத் தயாராகிறது. அப்போது மேடையில் கிடாரோடு ஷெரில் தோன்றுகிறாள், அலுவலகத்தில் அவன் மனதுக்குள் விரும்பும் பெண். அவள் நியூயார்க்கில் இருக்கிறாள், இது கனவு. டேவிட் போவியின் விண்வெளிப் பாட்டைப் பாடுகிறாள். வேலையாட்களைக் குறைக்க வந்த டெட், மிட்டியின் வெறித்த பார்வையைக் கிண்டலடிக்கப் பயன்படுத்திய பாட்டு அது. அந்த ஆளுக்கு அதன் பொருளே விளங்கவில்லை, அது தைரியத்தைப் பற்றியது என்று ஷெரில் முன்பே சொல்லியிருக்கிறாள். பாட்டு ஏற ஏறக் கனவு ஒலியும் நிஜப் பாட்டின் ஒலியும் கலக்கின்றன. மிட்டி எழுந்து ஓடுகிறான், கிளம்பிவிட்ட ஹெலிகாப்டருக்குள் பாய்கிறான்.

படத்தின் நடுத்திருப்பமே இதுதான், அது ஒரு பகற்கனவால் நடக்கிறது. கனவை விட்டான், அதனால் உலகத்தைப் பார்த்தான் என்று சொல்பவர்கள் இந்தக் காட்சியை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அவனைத் தூக்கி எறிந்தது கனவு. குடிகார பைலட்டும் புயலும் எதிரே நின்றதால் அது வெறும் சுகமாக நிற்காமல் கால்களுக்கு இறங்கியது. முதல் பாதியில் வரும் கனவுகளில், தெருவெல்லாம் பறந்து டெட்டோடு பொம்மைக்காகச் சண்டை போடுவது போன்றவற்றில், எந்தத் தடையும் இல்லை. அவை வெறும் கேளிக்கை, நீளமும் அதிகம். கனவுப் பாட்டுக்குக் கதாநாயகன் சட்டென்று வெளிநாட்டில் நிற்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகிய நமக்கு அந்த உத்தியில் புதுமையும் இல்லை.

படத்தை நான் மறுபடி மறுபடி பார்ப்பது சாகசத்துக்காக அல்ல, வேலைக்காக. ஸ்டீவ் கான்ராட் எழுதிய திரைக்கதை இது. வேலை தேடி மகனோடு கழிப்பறையில் இரவு தங்கும் தகப்பனின் கதையான 'தி பர்சூட் ஆஃப் ஹாப்பினெஸ்' (2006) படத்துக்கும் அவர்தான் எழுதினார். தர்பரின் மிட்டிக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வேலை இல்லை. 1947 மிட்டியின் வேலை நகைச்சுவைக்கு. 2013 மிட்டி வேலை தெரிந்தவன். கட்டிடத்தின் அடித்தளத்தில், விளக்குப் பெட்டியின் மேல் நெகட்டிவ் சுருளை விரித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறான். ஓரத்தைத் தவிர எங்கும் விரல் படவில்லை. ஃபிலிம் கழுவுகிற ஸ்டுடியோவில் நின்றவர்களுக்கு அந்தப் பிடி தெரியும். பல வருஷமாக ஒரு நெகட்டிவும் தொலையாமல் பார்த்துக்கொண்டவன். அதனால்தான் ஷான் ஓ'கானல் நேரில் பார்க்காமலே வேறு யாரையும் நம்பாமல் இவனுக்கு அனுப்புகிறார். கடைசி இதழின் அட்டைக்கான இருபத்தைந்தாம் நம்பர் படம் காணவில்லை என்றதும் இவன் கிளம்புவது ஊர் பார்க்கும் ஆசையால் அல்ல. கணக்கில் ஒன்று குறைகிறது. அலுவலகத்தில் பொறுப்பாக இருந்த ஒருவன் தன் பொறுப்பின் வால் பிடித்து எரிமலை வரை போய்விட்டான், அவ்வளவுதான். ஸ்டில்லர் இதை 35 எம்எம் ஃபிலிமிலேயே எடுத்தார். 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு கொடுத்திருந்த நேரம் அது.

'லைஃப்' பத்திரிகையிலேயே நெகட்டிவ் தொலைந்த பெரும் புராணம் ஒன்று உண்டு என்பதைப் படம் சொல்லாமல் விட்டது ஆச்சரியம். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் ராபர்ட் காப்பா எடுத்த ஃபிலிம்கள் லண்டன் அலுவலகத்துக்கு வந்தன. அவசரத்தில் உலர்த்தும் அலமாரியின் சூட்டில் இளம் உதவியாளர் ஒருவர் பெரும்பாலானதை உருக்கிவிட்டார், தப்பியவை பத்துப் பதினொன்றே என்று பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டது. 2014இலிருந்து விமர்சகர் ஏ. டி. கோல்மன் அந்தக் கதையைப் பிரித்துப் போட்டார்: அந்த அலமாரிச் சூட்டுக்கு ஃபிலிம் அப்படி உருகாது, காப்பா எடுத்ததே அவ்வளவுதான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆக, நட்சத்திரப் புகைப்படக்காரரின் குறை இத்தனை காலம் பெயர் தெரியாத ஓர் இருட்டறைப் பையன் தலையில் கிடந்திருக்கலாம். ஸ்டில்லரின் படத்தில் இது தலைகீழாக நடக்கிறது. பழி மிட்டி மேல் விழுகிறது, ஆனால் நட்சத்திரப் புகைப்படக்காரர் கடைசியில் அந்த இருட்டறை ஆளையே படம் எடுத்து வைத்திருக்கிறார்.

இமயமலைச் சரிவில் பனிச்சிறுத்தைக்காகக் காத்திருக்கும் ஷான், அது வந்ததும் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் காட்சியை எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஷான் பென் அதை நன்றாகவே செய்கிறார். (காட்டுக்குப் போய்த் திரும்பாத இளைஞனைப் பற்றி 2007இல் 'இன்டு தி வைல்ட்' எடுத்தவரும் அவர்தான், வீட்டை விட்டுக் கிளம்புவதன் மறுபக்கத்தை அறிந்த ஆளையே இந்த வேடத்துக்குப் பிடித்திருக்கிறார்கள்.) ஆனால் அழுத்தாமல் விடும் சொகுசு ஷானுக்கு உண்டு, மிட்டிக்குக் கிடையாது. இவன் ஒன்றைக் கொண்டு வராவிட்டால் வேலை போகும். உண்மையில் அதற்குள் போயேவிட்டது. வேலை போன பிறகும் தேடுகிறான் என்பதை அந்த அழகான மலைக்காட்சி கொஞ்சம் மறைத்துவிடுகிறது.

மலையும்கூட இமயமலை இல்லை. கிரீன்லாந்து, ஆப்கானிஸ்தான், இமயம் எல்லாமே பெரும்பாலும் ஐஸ்லாந்தில் எடுத்தவை. ஆப்கானிஸ்தான் காட்சியில் ஸ்கோகாஃபோஸ் அருவியைப் பார்க்கலாம். ஸ்கேட்போர்டு ஓடுவது கிழக்குக் கரையில் சேதிஸ்ஃப்யோர்துர் ஊருக்கு இறங்கும் சாலையில். வெளிநாட்டுப் படங்களுக்கு அப்போது ஐஸ்லாந்து அரசு அங்கே செய்த செலவில் 20 சதவீதத்தைத் திருப்பித் தந்தது. 2010இல் எயாஃபியாட்லயோகுல் எரிமலை வெடித்து ஐரோப்பிய வானமே மூடிக்கிடந்தபோது பயணிகள் வராமல் போய்விடுவார்களோ என்று பயந்த நாடு, அந்தச் சாம்பலையே விளம்பரமாக மாற்றிக்கொண்டது. 2010இல் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2018இல் 23 லட்சம். இந்தப் படம் மட்டும் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. மலிவு விமானமும் குரோனா மதிப்பு விழுந்ததும் பெரிய காரணங்கள். உலகத்தைப் பார் என்று சொல்லும் படம் ஒரே தீவில் உலகத்தை எடுத்து முடித்ததில் எனக்குக் குறையும் இல்லை. சினிமா அப்படித்தான். பாப்பா ஜான்ஸ், சின்னபான், ஈஹார்மனி என்று கடைப் பெயர்கள் வரிசையாக வரும்போதுதான் கண் உறுத்துகிறது.

மழுப்பல் இருக்கும் இடம் வேலைநீக்கம். படம் காட்டுவது போல 'லைஃப்' 2013இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போகவில்லை. ஹென்றி லூஸ் 1936 நவம்பரில், மார்கரெட் பூர்க்-வைட் எடுத்த ஃபோர்ட் பெக் அணைக்கட்டுப் படத்தை அட்டையில் போட்டுத் தொடங்கிய வாரப் பத்திரிகை, 1972இலேயே தொலைக்காட்சியிடமும் தபால் செலவிடமும் தோற்று நின்றது. பிறகு 1978 முதல் 2000 வரை மாத இதழ். 2004 முதல் 2007 வரை செய்தித்தாள்களோடு வரும் இணைப்பு. செத்துச் செத்துப் பிழைத்ததை ஒரே சாவாகச் சுருக்கிக்கொண்டார்கள். கதைக்கு அது தேவை. ஆனால் அந்தச் சாவுக்கு ஒரு தாடிக்காரனைப் பொறுப்பாக்கியது தேவையில்லை. டெட்டை மடையனாகவும் திமிர் பிடித்தவனாகவும் காட்டிவிட்டதால், கடைசியில் மிட்டி அவனுக்கு இரண்டு வார்த்தை சொன்னதும் நமக்குத் தீர்ந்துபோகிறது. 2013 மே மாதம் 'சிகாகோ சன்-டைம்ஸ்' தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் அனுப்பியது. செய்தியாளர்களே இனி கைபேசியில் எடுத்துக்கொள்ளட்டும் என்றது. அங்கே திட்டுவதற்கு ஒரு டெட் இல்லை. கணக்கு இருந்தது.

கடைசி இதழின் அட்டையில், தொலைந்த இருபத்தைந்தாம் படம்: டைம்-லைஃப் கட்டிடத்துக்கு வெளியே உட்கார்ந்து நெகட்டிவ்களைக் கூர்ந்து பார்க்கும் மிட்டி. பத்திரிகையை உருவாக்கியவர்களுக்குச் சமர்ப்பணம் என்ற வாசகம். இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது, ஒவ்வொரு தடவையும். ஆனால் அந்தப் படத்தைக் கடை வாசலில் பார்ப்பதற்குச் சற்று முன்தான் அவனும் ஷெரிலும் வேலைநீக்கக் காசோலையை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அம்மாவின் பியானோவை ஏற்கெனவே விற்றாயிற்று. சமர்ப்பணம் கிடைத்தது, சம்பளம் போய்விட்டது. ஸ்டில்லர் இரண்டையும் காட்டுகிறார், முதலாவதன் மேல் இசையை ஏற்றி இரண்டாவதைக் கடந்துபோகிறார். தர்பராக இருந்தால் காசோலையோடு நிறுத்தியிருப்பார்.